எபிடியூரலா, வேறு வழியா? இடுப்புத் தளத்தை மனத்தில் வைத்து ஓர் ஒப்பீடு

பிரசவ வலியைக் குறைக்க எபிடியூரல் என்று முதுகில் ஊசி போட்டுக்கொண்டால் பிறகு சிறுநீர் நிற்காது, அடி இறங்கிவிடும் என்று ஒருவர் பயமுறுத்துவார். வலி தெரியாவிட்டால் தசை தளர்ந்துவிடும், கிழியாமல் பிள்ளை வந்துவிடும் என்று இன்னொருவர் ஆசை காட்டுவார். இரண்டையும் அப்படியே நம்பி முடிவெடுக்க வேண்டாம். தலை எவ்வளவு வேகத்தில் வந்தது, ஆயுதம் போட வேண்டியிருந்ததா, போட்டது தலையை இடுக்கிப் பிடித்து இழுக்கும் ஃபோர்செப்ஸா, உறிஞ்சிப் பிடித்து இழுக்கும் வேக்குவமா, அத்தனை மணி நேரமும் சிறுநீர்ப்பையை யாராவது கவனித்தார்களா: பிரசவத்துக்குப் பிந்தைய இடுப்புத் தளத்தின் நிலை பெரும்பாலும் இவற்றில்தான் இருக்கிறது. வலி நிவாரணத்தின் ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்விகளின் விடையை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்த்தால் தேர்வு எளிதாகும்.

எது அடிபடுகிறது

முன்னால் இடுப்பு எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை தூளி கட்டியதுபோல் ஒரு தசை விரிந்திருக்கிறது; இடுப்புத் தளம் என்பது இதைத்தான். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது அதுதான். தலை வெளியே வரும் தருணத்தில் இந்தத் தசையின் உட்புற இழைகள் இயல்பான நீளத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல் நீள்வதாக 2004-இல் வெளியான ஒரு கணினி மாதிரி காட்டியது. கர்ப்பகால மாற்றங்களால்தான் பெரும்பாலான பெண்களுக்கு அது தாங்குகிறது. சிலருக்குத் தசை எலும்பைப் பிடித்திருக்கும் இடத்திலிருந்தே பிய்ந்துவிடும். வெளியே ஒரு தையல்கூட இல்லாமல் இது நடக்கலாம். லேபர் ரூமில் கண்ணுக்குத் தெரியாது. மாதங்கள் கழித்து ஸ்கேனிலோ விரல் பரிசோதனையிலோதான் தெரியவரும். பிற்காலத்தில் கருப்பையோ சிறுநீர்ப்பையோ இறங்குவதற்கு இது முக்கியமான காரணம். இதை உண்டாக்குவதில் முதலிடம் ஃபோர்செப்ஸுக்கு.

அடுத்தது ஆசனவாயைச் சுற்றியிருக்கும் சுருக்குத்தசை கிழிவது. மூன்றாம் நிலை, நான்காம் நிலைக் கிழிசல் என்று டிஸ்சார்ஜ் தாளில் எழுதியிருப்பது இதைத்தான். மூன்றாவது, அந்தத் தசைகளுக்குச் செல்லும் நரம்பு இழுபடுவது. இது பெரும்பாலும் சில மாதங்களில் தேறிவிடும். நான்காவதைப் பற்றிப் பேசுவோர் குறைவு: சிறுநீர்ப்பை அளவுக்கு மீறி நிறைந்து, அதன் தசைச் சுவர் சோர்ந்துபோவது. நான்கில் கவனிப்பால் மட்டுமே முழுதாகத் தவிர்க்கக்கூடியது இதுதான். எபிடியூரலோடு நேரடித் தொடர்பு உள்ளதும் இதுதான்.

எபிடியூரல்: எந்தச் செறிவு என்று கேளுங்கள்

முதுகை வில்லாக வளைத்து உட்கார வைப்பார்கள், அல்லது ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள். இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையே தோலை மரத்துப்போகச் செய்துவிட்டு, தடித்த ஊசி ஒன்றை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக உள்ளே நகர்த்துவார் மயக்க மருந்து டாக்டர். ஊசியின் பின்னால் உப்பு நீர் நிரம்பிய சிரிஞ்ச் இருக்கும். இறுக்கமான தசைநாருக்குள் ஊசி இருக்கும்வரை சிரிஞ்சை அழுத்தினால் நீர் போகாது. அதைத் தாண்டிய கணத்தில் தடை விட்டுப்போய் நீர் சரேலென உள்ளே இறங்கும். அந்த இடைவெளியில் நூல் போன்ற குழாயைச் செருகி, ஊசியை உருவிவிட்டு, முதுகில் ஒட்டிவிடுவார்கள். வலி எழும்போது அசையாமல் இருப்பதுதான் கடினம். அதனால் "வலி வருகிறது" என்று சொல்லிவிடுங்கள். டாக்டர் நிறுத்திக் காத்திருப்பார். மருந்து போன பிறகு சுமார் 20 நிமிடத்தில் வலி அடங்கும். 30 நிமிடமாகியும் அடங்கவில்லை என்றால், அல்லது ஒரு பக்கம் மட்டும் மரத்திருந்தால், பொறுத்துக்கொண்டு கிடக்காமல் டாக்டரைத் திரும்ப அழைக்கச் சொல்லுங்கள். குழாயைச் சற்று வெளியே இழுத்தாலோ மாற்றிப் போட்டாலோ சரியாகும் பிரச்சினை அது.

எபிடியூரல் போட்டால் ஆயுதப் பிரசவம் கூடும் என்ற பேச்சு ஆதாரமில்லாமல் வந்ததல்ல. முன்பு புபிவகெய்ன் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்தை 0.25% செறிவில் கொடுத்தார்கள். வலியோடு கால்களும் செயலிழந்தன. முக்கும் வலுவும் போனது. 2001-இல் பிரிட்டனில் தலைப்பிரசவப் பெண்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஒப்பீட்டு ஆய்வில், பழைய முறையில் இயல்பாகப் பெற்றவர்கள் 35 சதவீதம். குறைந்த செறிவு முறைகளில் 43 சதவீதம். இப்போது வழக்கமாகக் கொடுப்பது 0.0625 முதல் 0.1 சதவீதப் புபிவகெய்னுடன் மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராம் வரை ஃபென்டனில் என்ற ஓபியாய்டு (அபின் வகை வலி மருந்து). தொடக்க அளவு 10 முதல் 15 மி.லி. மருந்தின் செறிவு குறைவு, ஆனால் ஃபென்டனில் கைகொடுப்பதால் வலி அடங்கிவிடும். காலும் ஓரளவு அசையும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 40 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. எபிடியூரல் குழுவில் ஆயுதப் பிரசவம் கூடுதலாகவே இருந்தது. ஆனால் 2005-க்குப் பிந்தைய ஆய்வுகளை மட்டும் எடுத்தால் அந்த வித்தியாசம் மறைந்தது. சிசேரியன் கூடவில்லை, நீடித்த முதுகுவலியும் கூடவில்லை. முக்கும் கட்டம் கொஞ்சம் நீள்வது, காய்ச்சல், ரத்த அழுத்தம் இறங்குவது, சிறுநீர் பிரியாமல் போவது ஆகியவை கூடுதலாக இருந்தன.

எனவே மருத்துவமனையில் கேட்க வேண்டியது "எபிடியூரல் உண்டா" என்பதோடு நின்றுவிடக் கூடாது. எந்தச் செறிவில் கொடுக்கிறார்கள்? பொத்தானை நானே அழுத்திக்கொள்ளும் பம்ப் உண்டா? ஒரே சீராக ஓடிக்கொண்டேயிருக்கும் சொட்டு மருந்தைவிட, தேவைப்படும்போது அழுத்தும் பம்பில் மொத்த மருந்து குறையும், காலும் குறைவாக மரக்கும். இது இல்லாத இடத்தில் பழைய செறிவில்தான் கொடுப்பார்கள் என்றால், இடுப்புத் தளத்தின் கணக்கில் எபிடியூரலுக்கு ஒரு புள்ளி குறைத்தே போட வேண்டும்.

முதுகுத்தண்டு நீரில் ஒரு சிறு டோஸ் கொடுத்துவிட்டு, அதே இடத்தில் எபிடியூரல் குழாயையும் வைக்கும் கூட்டு முறையில் 5 நிமிடத்தில் வலி அடங்கும். அரிப்பு கூடுதலாக வரும். வலி உச்சத்தில், கருப்பை வாய் ஏழெட்டு சென்டிமீட்டர் திறந்த நிலையில் வருபவர்களுக்கு இது நல்ல வழி.

சீக்கிரம் போட்டுக்கொண்டால் பிரசவம் நின்றுவிடும், 4 சென்டிமீட்டர் ஆகட்டும் என்று காக்க வைப்பதற்கு இன்று ஆதாரம் இல்லை. முன்கூட்டிப் போட்டாலும் சிசேரியன் கூடுவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதேபோல், முக்கும் நேரம் வந்ததும் மருந்தை நிறுத்தும் பழக்கமும் தேவையற்றது. நிறுத்துவதால் கண்டிப்பாக வருவது வலிதான்.

ஊசியால் நேரும் தவறுகளையும் சொல்லிவிட வேண்டும். ஏறக்குறைய நூறில் ஒருவருக்கு ஊசி ஒரு படலம் தாண்டிப்போய் முதுகுத்தண்டு நீர் கசியும். எழுந்து உட்கார்ந்தால் மண்டை பிளக்கும், படுத்தால் அடங்கும். அந்த அடையாளத்தோடு தலைவலி வந்தால் சொல்லுங்கள். நீடித்தால் உங்கள் ரத்தத்திலேயே 20 மி.லி. அளவு எடுத்து அதே இடத்தில் செலுத்தி அடைப்பார்கள். நிரந்தர நரம்புப் பாதிப்பு மிக அரிது. ரத்தத் தட்டணுக்கள் மிகக் குறைந்திருப்பவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்கும் ஊசியை அண்மையில் போட்டவர்களுக்கும் எபிடியூரல் போட மாட்டார்கள். குறைந்த மூலக்கூறு எடை ஹெப்பரின் ஊசி முன்தடுப்பு அளவு என்றால் 12 மணி நேரமும், சிகிச்சை அளவு என்றால் 24 மணி நேரமும் இடைவெளி விடுவது வழக்கம். கடைசி ஊசி எப்போது என்பதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற வழிகள்

சிரிப்பு வாயுவும் ஆக்சிஜனும் சரிபாதி கலந்த வாயு இடுப்புத் தளத்தைத் தொடுவதே இல்லை. கால் மரக்காது, சிறுநீர் உணர்வு போகாது, நிறுத்திய சில நிமிடத்தில் விளைவும் போய்விடும். ஆனால் வலியை முழுதாகப் போக்காது. கூர்மையை மழுக்கும், அவ்வளவே. பெரும்பாலானோர் செய்யும் தவறு, வலி உச்சத்துக்கு வந்த பிறகு இழுக்கத் தொடங்குவது. மருந்து வேலை செய்ய அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். வயிறு இறுகத் தொடங்கும் முதல் நொடியிலேயே ஆழமாக இழுக்க ஆரம்பித்தால்தான் உச்சமும் மருந்தும் சந்திக்கும். தலைசுற்றலும் குமட்டலும் வரலாம்.

பெத்திடின் என்ற ஓபியாய்டு ஊசியை நாங்கள் கடைசியில்தான் வைப்போம். 50 முதல் 100 மி.கி. தசையில் போட்டால் தூக்கம் வரும், வாந்தி வரும். வலியோ பாதிதான் குறையும். போட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் குழந்தை பிறந்தால் அது மந்தமாக இருக்கலாம், மூச்சுக்கு உதவி தேவைப்படலாம், பால் குடிக்கத் தாமதிக்கலாம். ரெமிஃபென்டனில் என்ற இன்னோர் ஓபியாய்டைப் பொத்தானை அழுத்தி ரத்தக் குழாயில் ஏற்றிக்கொள்ளும் பம்ப் இதைவிட மேல். 2018-இல் 400 பெண்களிடம் நடந்த ஆய்வில், பெத்திடின் குழுவில் 41 சதவீதம் பேர் பின்னர் எபிடியூரல் கேட்டார்கள். ரெமிஃபென்டனில் குழுவில் 19 சதவீதம். ஆயுதப் பிரசவமும் 26-க்கு 15 சதவீதம் என்று குறைந்தது. ஆனால் தாயின் மூச்சு மட்டுப்படும். பக்கத்தைவிட்டு நகராத ஒரு நர்ஸும், விரலில் ஆக்சிஜன் அளவு மானியும் இல்லாத இடத்தில் இதற்குச் சம்மதிக்காதீர்கள். எபிடியூரல் போட முடியாதவர்களுக்கு இதுவே முதல் மாற்று.

வெந்நீர்த் தொட்டியில் உட்காருவது முதல் கட்டத்தில் வலியை ஓரளவு குறைத்து, எபிடியூரல் தேவையையும் குறைக்கிறது. நீர் 37.5 டிகிரியைத் தாண்டக் கூடாது. ஓபியாய்டு ஊசி போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் தொட்டியில் இறங்கக் கூடாது.

இடுப்பின் உள்ளே உள்ள நரம்பைச் சுற்றி இருபுறமும் 10 மி.லி. வீதம் 1% லிடோகெய்ன் என்ற மரப்பு மருந்து போடும் ஊசி, வயிறு இறுகும் வலிக்கு உதவாது. எபிடியூரல் இல்லாதவருக்கு ஆயுதம் போடும்போதோ பெரிய கிழிசலைத் தைக்கும்போதோ அது அவசியம். மரக்காமல் தைக்க விடாதீர்கள்; துடிக்கும் தசையில் போட்ட தையல் சரியாகப் பொருந்தாது.

சிசேரியன் இந்த ஒப்பீட்டில் எங்கே வருகிறது

இடுப்புத் தளத்தைக் காப்பாற்றவே சிசேரியன் கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, எண்களும் இருக்கின்றன. 1,528 பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து 2018-இல் வெளிவந்த ஆய்வில், இயல்பாகப் பெற்றவர்களில் 15 ஆண்டுகளில் 34 சதவீதத்தினருக்கு இருமினால் கசியும் சிறுநீர்ப் பிரச்சினையும், 30 சதவீதத்தினருக்கு உறுப்பு இறக்கமும் வந்தன. சிசேரியனில் கசிவுக்கான வாய்ப்பு பாதிக்குச் சற்றுக் கீழே. இறக்கத்துக்கான வாய்ப்பு கால்வாசி அளவு. ஆயுதப் பிரசவத்தில் இறக்கமும் மலக் கட்டுப்பாட்டுக் குறையும் இயல்பான பிரசவத்தைவிடக் கூடுதல். மலக் கட்டுப்பாட்டில் சிசேரியனுக்கும் இயல்பான பிரசவத்துக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. அறுவையின் தழும்பு அடுத்தடுத்த கர்ப்பங்களில் நஞ்சுக்கொடி கருப்பையில் ஆழமாக ஒட்டிப் பிரியாமல் போகும் ஆபத்தைக் கூட்டிக்கொண்டே போகும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே பிள்ளை போதும் என்பவருக்கும் மூன்று வேண்டும் என்பவருக்கும் இந்தக் கணக்கின் விடை வேறுவேறாக வரும். முன்பு நான்காம் நிலைக் கிழிசல் ஏற்பட்டு இன்னும் அறிகுறி உள்ளவரோடு சிசேரியன் பற்றித் தனியாகப் பேசத்தான் வேண்டும். அப்படி எதுவும் இல்லாதவருக்கு நாங்கள் இதற்காக மட்டும் அறுவையைப் பரிந்துரைக்க மாட்டோம்.

எபிடியூரல் போட்டுக்கொண்டால் முக்கும் கட்டத்தில்

எபிடியூரல் தசையை நேரடியாகக் காக்கிறதா? பிய்வதைக் குறைப்பதாகச் சில ஸ்கேன் ஆய்வுகள் காட்டின. வேறு சில காட்டவில்லை. பாதுகாப்புக் கவசமாக எண்ணி அதைத் தேர்ந்தெடுக்க முடியாது. அது தரும் ஒரு நல்ல வாய்ப்பை மட்டும் பயன்படுத்திக்கொள்ளலாம்: அவசரமில்லாமல் முக்கலாம்.

கருப்பை வாய் முழுதும் திறந்த உடனே முக்குவதா, தலை தானாக இறங்கும்வரை காத்திருப்பதா? இயல்பாகப் பெறும் வாய்ப்பு இரண்டிலும் ஒன்றே என்று 2,400 பெண்களிடம் நடந்த 2018 ஆய்வு காட்டியது. உடனே முக்கியவர்களுக்கு ரத்தப்போக்கும் தொற்றும் சற்றுக் குறைவு. தலை இன்னும் மேலே, முக்கும் உணர்வே இல்லை என்றால் ஒரு மணி நேரம் காத்திருப்பதில் தவறில்லை. ஆனால் காத்திருப்பதே இடுப்புத் தளத்தைக் காக்கும் என்று எண்ண வேண்டாம்.

நிமிர்ந்திருந்தால்தான் நல்லது என்பது எபிடியூரல் இல்லாதவருக்குப் பொருந்தும் அறிவுரை. குறைந்த செறிவு எபிடியூரலோடு இருந்த தலைப்பிரசவப் பெண்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் 2017-இல் வெளியான ஆய்வில், நிமிர்ந்திருந்தவர்களில் 35 சதவீதம் பேர் இயல்பாகப் பெற்றார்கள். ஒருக்களித்துப் படுத்திருந்தவர்களில் 41 சதவீதம். எனவே ஒருக்களித்துப் படுங்கள், அரை மணிக்கு ஒருமுறை பக்கம் மாறுங்கள். பக்கம் மாறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மரத்த கால் ஒரே நிலையில் மடங்கியோ, கம்பியில் அழுந்தியோ கிடந்தால் வலித்துச் சொல்லாது. முழங்காலின் வெளிப்புறம் ஓடும் நரம்பு நசுங்கி, மறுநாள் பாதத்தைத் தூக்க முடியாமல் போகும். பழி ஊசிமேல் விழும். காரணம் பெரும்பாலும் கால் கிடந்த விதம்.

தலை தெரியத் தொடங்கியதும் வேகம்தான் எல்லாம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஒவ்வொரு முக்கலின்போதும் அடிப்பகுதியில் வைத்துப் பிடிப்பது, மூன்றாம், நான்காம் நிலைக் கிழிசல்களைக் குறைப்பதாக உறுதியாகத் தெரிந்த எளிய வழி. எபிடியூரல் இல்லாத பெண்ணுக்கு அந்த நேரத்தில் தீயாய் எரியும். தானாகவே முக்குவதை நிறுத்தி மூச்சுவிடுவாள். எபிடியூரல் உள்ளவளுக்கு அந்த எச்சரிக்கை கிடைக்காது. அதனால் "இப்போது முக்காதே, ஊது" என்று நேரம் பார்த்துச் சொல்லும் குரல் அவளுக்கு இருமடங்கு தேவை. தலை வர வழியைப் பெரிதாக்க வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், அடிப்பகுதி முழுதும் விரிந்த நிலையில் நடுக்கோட்டிலிருந்து 60 டிகிரி சாய்வாக வெட்ட வேண்டும். விரிந்திருக்கும்போது 45 டிகிரியாகத் தெரியும் வெட்டு, சுருங்கிய பின் ஆசனவாயை ஒட்டி வந்து நிற்கும்.

ஆயுதம் தேவைப்பட்டால், இரண்டுமே சாத்தியமான சூழ்நிலையில் வேக்குவத்தை முதலில் எண்ணச் சொல்லலாம். ஃபோர்செப்ஸ் வெற்றி பெறும் வாய்ப்பு கூடுதல், ஆனால் தசைக்கும் சுருக்குத்தசைக்கும் விலையும் கூடுதல். குழந்தையின் இதயத்துடிப்பு சரிந்துகொண்டிருக்கும்போது இந்த வாதத்துக்கு இடமில்லை. கை தேர்ந்த கருவியை டாக்டர் எடுக்கட்டும்.

சிறுநீர்ப்பை

எபிடியூரல் ஓடும்போது நிறைந்த உணர்வு வராது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது சிறுநீர் கழிக்க முயல வேண்டும். வராவிட்டால் மெல்லிய குழாய் வைத்து வடிக்க வேண்டும், அல்லது குழாயை உள்ளேயே வைக்க வேண்டும். நிறைந்த பை தலை இறங்குவதையும் தடுக்கும்.

பிரசவத்துக்குப் பின், அல்லது குழாய் எடுத்த பின், 6 மணி நேரத்துக்குள் சிறுநீர் கழித்தாக வேண்டும். முதல் முறை ஒரு ஜாடியில் பிடித்து அளந்து பாருங்கள். 200 மி.லி.-க்குக் குறைவாக வந்தால், கழித்த பிறகு உள்ளே எவ்வளவு மீதி என்று ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள், 150 மி.லி.-க்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும். கால் மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது என்பதை "நன்றாகப் போகிறது" என்று எழுதிவிடுவார்கள். நிரம்பி வழியும் பையின் அடையாளமும் அதுவே. ஒரு லிட்டரைத் தாண்டி மணிக்கணக்கில் இழுபட்ட பை, வாரக்கணக்கில் சுருங்க மறுக்கலாம்.

கடைசி டோஸ் முடிந்து 4 மணி நேரத்தில் இரண்டு கால்களையும் நேராக நீட்டிப் படுக்கையிலிருந்து தூக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் "மரப்பு இன்னும் போகவில்லை" என்று விட்டுவிடாமல் மயக்க மருந்து டாக்டரை அழைக்க வேண்டும். அரிதாக, முதுகில் ரத்தக் கட்டு அழுத்துவதன் முதல் அறிகுறி அது. அதற்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

யாருக்கு எது

ரத்தக் கொதிப்பு உள்ளவர், இரட்டைக் குழந்தை சுமப்பவர், உடல் எடை மிகுந்தவர், அவசர சிசேரியன் வாய்ப்பு அதிகம் உள்ளவர் ஆகியோருக்குக் குறைந்த செறிவு எபிடியூரலை முன்கூட்டியே போட்டுவிடச் சொல்வோம். அவசரத்தில் அதே குழாய் அறுவைக்கும் உதவும். முதல் பிரசவம் எளிதாக முடிந்து, இரண்டாவதில் வேகமாக முன்னேறுபவருக்கு வாயுவும் வெந்நீரும் பெரும்பாலும் போதும். தலைப்பிரசவத்தில் வலி தாங்க முடியாமல் இரவெல்லாம் தூங்காதவர், இடுப்புத் தளம் கெட்டுவிடுமோ என்று பயந்து எபிடியூரலை மறுக்க வேண்டாம். களைத்துப்போன தாய்க்கும் ஆயுதம் தேவைப்படும்.

எதைத் தேர்ந்தாலும் பயிற்சி

கர்ப்ப காலத்திலேயே தொடங்குவதற்குத்தான் பலன் மிகுதி. ஒருக்களித்துப் படுங்கள். வாயு வெளியேறாமல் அடக்குவதுபோல் ஆசனவாயை இறுக்கி, அந்த இறுக்கத்தை முன்பக்கமாகவும் மேலாகவும் இழுங்கள். மூச்சை அடக்கக் கூடாது. பிட்டமும் தொடையும் இறுகக் கூடாது. 6 முதல் 8 நொடி பிடித்து, அதே அளவு நேரம் முழுதாக விடுங்கள். இப்படி 8 முறை, கடைசியில் நான்கைந்து வேகமான சுருக்கங்கள். நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். அடிப்பகுதியில் விரலை வைத்துப் பார்த்தால் விரல் உள்ளே இழுபட வேண்டும். வெளியே தள்ளப்பட்டால் நீங்கள் முக்குகிறீர்கள், அது தீங்கு. சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகாதீர்கள், பை முழுதாகக் காலியாகாமல் போகும். பிரசவத்துக்குப் பின், குழாய் எடுத்து ஒருமுறை சிறுநீர் சரியாகப் போனதும், தையல் இருந்தாலும் மெதுவாகத் தொடங்கலாம். தொடக்கத்தில் ஒன்றும் சுருங்குவதாகத் தெரியாது, நரம்பு இழுபட்டிருக்கும். விடாமல் செய்தால் உணர்வு திரும்பும்.

மலச்சிக்கல் வர விடாதீர்கள், மூன்றாம் நிலைக் கிழிசலுக்குப் பின் மலமிளக்கி கட்டாயம். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் இருமினால் கசிந்தால், மாலையில் அடியில் ஏதோ இறங்கித் தொங்குவதுபோல் இருந்தால், இடுப்புத் தளப் பிசியோதெரபிஸ்ட்டிடம் செல்லுங்கள். வாயுவையோ மலத்தையோ அடக்க முடியவில்லை என்றால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். வெட்கப்பட்டு மறைக்கும் அறிகுறி இதுதான், டாக்டரும் தானாகக் கேட்பது அரிது. நீங்களே சொல்லி, சுருக்குத்தசையை ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த குழந்தையை எந்த வழியில் பெறுவது என்று பேசும்போது அந்த ஸ்கேன் கையில் இருக்க வேண்டும்.